அல்டிமா 4: இன்றைக்கு எடுத்து விளையாடினால் தாங்குமா?

பிப்ரவரி 9, மாலை 6:40 (கேள்வி)

எல்லாரும் சொல்கிறார்களே என்று அல்டிமா 4 என்ற பழைய கணினி கேமை இறக்கி ஒரு மணி நேரம் சுற்றினேன். எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அம்புக்குறி இல்லை, வரைபடத்தில் ஒரு புள்ளிகூட மின்னவில்லை. சதுப்பு நிலத்தில் நடந்து விஷம் ஏறிச் செத்தேன். 1985-ல் இது பெரிய விஷயமாக இருந்திருக்கலாம். இன்றைக்கும் இதை ரசிப்பதாகச் சொல்பவர்கள் பழைய நினைப்பில் சொல்கிறார்களா, இல்லை உண்மையிலேயே இதில் ஏதாவது இருக்கிறதா?

பிப்ரவரி 9, இரவு 9:15

முதல் ஒரு மணி நேரத்தில் ஒன்றும் நடக்காது. போன வருஷக் கடைசியில் திரும்ப எடுத்து முடிவு வரை விளையாடினேன், அதனால் வெறும் பழைய நினைப்பு என்று என்னை ஒதுக்கிவிட முடியாது.

நீங்கள் வில்லனைத் தேடுகிறீர்கள். இதில் வில்லன் கிடையாது. முதல் பாகத்தில் (1981) மொண்டெய்ன், இரண்டாவதில் (1982) மினாக்ஸ், மூன்றாவதில் (1983) எக்ஸோடஸ், மூன்று பேரையும் ஒழித்தாயிற்று. நாடு ஒரே ஆட்சியின் கீழ் நிம்மதியாக இருக்கிறது. ராஜா லார்ட் பிரிட்டிஷ், அது கேமை எழுதிய ரிச்சர்ட் கேரியட்டின் பட்டப்பெயர்தான், மனிதர் தன்னையே ராஜாவாக உள்ளே உட்கார வைத்துக்கொண்டார். உங்களுக்கு இருக்கும் வேலை ஒன்றே ஒன்று: எட்டுக் குணங்களிலும் தேறிக் காட்டுவது. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு. எட்டிலும் தேறினால் அவதார் என்ற நிலை. அதன் பிறகு ஸ்டிஜியன் அபிஸ் என்ற பாதாளத்தின் அடியில் இருக்கும் கோடெக்ஸ் என்ற ஞான நூலைப் போய்ப் பார்க்க வேண்டும். கதை இவ்வளவுதான்.

கேரியட் ஏன் இப்படி எழுதினார் என்பதற்கு ஒரு காரணம் சொல்வார். மூன்றாம் பாகம்தான் அவர் சொந்தமாகத் தொடங்கிய ஒரிஜின் நிறுவனத்தில் வந்த முதல் பாகம், அப்போதுதான் ஆட்டக்காரர்களின் கடிதங்கள் நேராக அவர் கைக்கு வர ஆரம்பித்தன. படித்தால், ஊர்க்காரர்களைக் கொன்று, கடையைத் திருடி, அப்புறம் உலகத்தைக் காப்பாற்றிய கதையாக இருக்கிறது. கேம் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, சொல்லப்போனால் திருடுவதுதான் லாபம். அப்படியென்றால் நல்லவன் என்று யாரைச் சொல்கிறோம் என்ற கேள்வியிலிருந்து நாலாவது பாகம் பிறந்தது.

இதை எப்படிச் செய்தார் என்பதற்கு மூலிகைக் கடை ஒன்று போதும். கடைக்காரப் பெண்ணுக்குக் கண் தெரியாது. இத்தனை மூலிகைக்கு இவ்வளவு என்று சொல்வாள், எவ்வளவு தருகிறாய் என்று கேட்பாள், நீங்கள் எண்ணைத் தட்ட வேண்டும். குறைத்துத் தட்டினாலும் வாங்கிக்கொண்டு சரக்கைக் கொடுத்துவிடுவாள். மணி அடிக்காது, காவலர் வரமாட்டார், திரையில் ஒரு வரிகூட மாறாது. உள்ளே எங்கேயோ நேர்மையும் நீதியும் மானமும் ஒன்றாகச் சரியும், அவ்வளவுதான். கையில் காசு இல்லாத ஆரம்பக் கட்டத்தில் அந்த எண்ணைத் தட்டும்போது விரல் ஒரு கணம் நிற்கும் பாருங்கள், அதற்காகத்தான் இதை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பிப்ரவரி 9, இரவு 9:40

சதுப்பு பற்றி. நடக்காதீர்கள், சுற்றிப் போங்கள். விஷம் ஏறிவிட்டால் கோட்டைக்குப் போய் லார்ட் பிரிட்டிஷிடம் ஹெல்த் என்று தட்டுங்கள், தான் நலம் என்று சொல்லிவிட்டு நீ நலமா என்று திருப்பிக் கேட்பார். மரியாதைக்கு ஆமாம் என்று சொன்னீர்களோ, ஒன்றும் கிடைக்காது. இல்லை என்று உள்ளதைச் சொன்னால் மொத்தக் கூட்டத்தையும் காசு வாங்காமல் குணப்படுத்துவார். செத்தாலும் அவர்தான் எழுப்புவார், கொஞ்சம் பொன்னும் சாப்பாடும் கொடுத்து அனுப்புவார். அதனால் ஆரம்பத்தில் சாவதற்குப் பயப்பட ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 10, காலை 7:50

ஆரம்பத்தில் குறி சொல்லும் ஜிப்ஸிப் பெண் கேட்ட கேள்விகளைத் தாண்டித்தானே வந்திருப்பீர்கள்? அதைத் தட்டித் தட்டி ஓட்டியிருந்தால் திரும்பப் போய் நிதானமாகச் செய்யுங்கள். அந்தக் காலத்து ஆர்பிஜிகளில், அதாவது ஒரு பாத்திரமாக மாறி விளையாடும் கேம்களில், பாத்திரம் உருவாக்குவது என்றால் பகடை உருட்டி எண்களைப் பங்கு போடுவது. இங்கே எண்ணே கண்ணில் படாது. இரண்டு சீட்டுகளை வைத்து ஒரு கேள்வி. ஒருவரிடம் சேர்க்கச் சொல்லி எண்ணாத பொற்காசுப் பையை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள், வழியில் ஏழைப் பிச்சைக்காரன் நிற்கிறான், பையை அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பாயா, ஒரு காசை எடுத்து அவனுக்குப் போடுவாயா? நேர்மையா கருணையா என்பதுதான் உள்ளே இருக்கும் போட்டி. எண்ணாத பை என்று சேர்த்திருப்பதைக் கவனியுங்கள், எடுத்தால் யாருக்கும் தெரியாது.

எட்டுக் குணங்களும் நாக்-அவுட் முறையில் மோதுகின்றன, அதனால் மொத்தம் ஏழு கேள்விகள். கடைசியில் நிற்கும் குணம் உங்கள் தொழிலையும் தொடங்கும் ஊரையும் முடிவு செய்யும். நேர்மை என்றால் மந்திரவாதி, மூன்குளோ. வீரம் என்றால் போர்வீரன், ஜெலம். மானம் என்றால் பாலடின் என்ற அறவழிப் போர்வீரன், டிரின்சிக். இரண்டு பக்கமும் நல்லதாக இருக்கும் கேள்விகள் என்பதுதான் இதில் நயம், கெட்ட பதில் என்று ஒன்றைத் தள்ளிவிட வழியே இல்லை. பின்னாளில் வந்த எத்தனையோ கேம்களில் நாய்க்குட்டியைக் காப்பாற்றுவாயா உதைப்பாயா என்ற தரத்தில்தான் அறச் சிக்கல் இருந்தது.

பணிவை மட்டும் ஜெயிக்க விடாதீர்கள். ஆட்டிடையராகி மகின்சியாவில் போய் நிற்பீர்கள். அகந்தையால் அழிந்து பேய்கள் உலவும் ஊர், அதுவும் தீவு, உங்கள் கையில் உருப்படியான ஆயுதமும் இருக்காது. பணிவாகப் பதில் சொன்னதற்கு இதுதான் பரிசு. கேரியட்டுக்குக் குசும்பு ஜாஸ்தி.

பிப்ரவரி 10, இரவு 10:05

கீழே ஒருவர் இதுதான் முதல் திறந்த உலக கேம் என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை, முதல் மூன்று அல்டிமாக்களிலும் இஷ்டப்படி சுற்றலாம். மாறியது பரப்பளவு. மூன்றாவதின் மேலுலகம் 64-க்கு 64 கட்டம், நாலாவது 256-க்கு 256, அதாவது பதினாறு மடங்கு. திரையில் ஒரு சமயத்தில் தெரிவது 11-க்கு 11 கட்டம். அத்தனை பெரிய உலகத்தை அந்தச் சின்ன ஜன்னல் வழியாகப் பார்ப்பதால்தான் கூடவே காகிதத்தில் வரையத் தோன்றுகிறது.

விசைப்பலகை பற்றியும் கேட்டிருந்தார்கள். ஏ முதல் இசட் வரை 26 எழுத்துக்கும் ஆளுக்கொரு கட்டளை. சி மந்திரம் போடுவதற்குப் போய்விட்டது, அதனால் மேலே ஏறும் க்ளைம்ப் கே-யில் தொடங்குவதாக எழுத்துப்பிழையோடு வைத்துவிட்டார்கள். ஸ்டாட்ஸ் இசட்டில் தொடங்கும். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஒய், கத்துவது. குதிரை மேல் உட்கார்ந்து கத்தினால் குதிரை பாய்ந்து ஓடும். இதற்கென்று ஒரு எழுத்தையே ஒதுக்கினார்கள் பாருங்கள். இரண்டு நாளில் விரல்கள் பழகிவிடும், அப்புறம் இன்றைய கேம்களில் ஒரு கதவைத் திறக்க மூன்று மெனு போகும்போது எரிச்சல் வரும்.

பிப்ரவரி 12, மாலை 5:30

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, மூலிகைக்காரிக்கு ஒரே ஒரு காசு கொடுத்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லையே என்கிறார்.

ஆகாதுதான். கோட்டையில் ஹாக்விண்ட் என்ற ஞானி இருக்கிறார், அவரிடம் போய் நேர்மை பற்றிக் கேளுங்கள். எண்ணாகச் சொல்லமாட்டார். தேறுகிறாய், இன்னும் தூரம் இருக்கிறது, திருந்து என்கிற மாதிரி வாக்கியமாகத்தான் சொல்வார். எந்தச் செயலுக்காகச் சொல்கிறார் என்றும் சொல்லமாட்டார், நீங்களே யோசித்துக்கொள்ள வேண்டும். போன வாரம் செய்த சில்லறைத் திருட்டு இன்றைக்கு ஒரு வாக்கியத்தில் வந்து நிற்கும். பிற்காலத்தில் 1997-ன் ஃபால்அவுட்டில் கர்மா என்று ஒரு எண், 2007-ன் மாஸ் எஃபெக்டில் பாரகன், ரெனகேட் என்று அளவுப் பட்டைகள் எல்லாம் வந்தன. பட்டை கண்முன் இருக்கும்போது நாம் பட்டையை ரொப்புகிறோம். பட்டை இல்லாதபோதுதான் கொஞ்சமாவது நடத்தை என்று ஒன்று வருகிறது.

இன்னொன்று. எட்டில் ஒரு குணத்தில் தேறி, அதற்குரிய கோயிலில் தியானம் செய்து, அந்த எட்டில் ஒரு பங்கு அவதார் பட்டத்தை வாங்கிவிட்ட பிறகும் கணக்கு நிற்பதில்லை. தவறு செய்தால் வாங்கியது போய்விடும், போய்விட்டது என்று ஒற்றை வரியில் திரையில் சொல்லும். நல்லவன் என்று ஒரு முறை பட்டம் வாங்கிவிட்டால் முடிந்தது என்று இந்த கேம் எடுத்துக்கொள்வதில்லை. 80-களில் எழுதிய ஒருவர் இதை யோசித்து வைத்திருக்கிறார் என்பதே எனக்கு ஆச்சரியம்.

பிப்ரவரி 13, இரவு 8:20

வழிகாட்டிக் குறிப்புகளைப் பார்த்து விளையாடலாமா? தாராளமாக, ஆனால் அப்படிச் செய்வதாக இருந்தால் விளையாடவே வேண்டாம், குறிப்பை மட்டும் படித்துவிடுங்கள், நேரம் மிச்சம். இந்த கேமில் மறைத்து வைத்திருப்பது எல்லாமே தகவல்தான். பொக்கிஷம் என்பதே ஒரு ஊரில் ஒருவர் சொல்லும் ஒரு வார்த்தை, அதை இன்னொரு ஊரில் இன்னொருவரிடம் போய்த் தட்டினால் மூன்றாவது ஊரின் பெயர் விழும்.

கதை கெடாத உதாரணம் ஒன்று சொல்கிறேன். கடல்வழி அளக்கும் செக்ஸ்டன்ட் கருவி வேண்டும். கில்டு கடையில் தீப்பந்தம், மணிக்கல், சாவி என்று ஏ, பி, சி பட்டியல் மட்டும்தான் திரையில் இருக்கும். பட்டியலில் இல்லாத டி என்ற எழுத்தைக் கேட்டால்தான் செக்ஸ்டன்ட் வரும், அதைக் கேட்க வேண்டும் என்பது ஊருக்குள் ஆட்களிடம் பேசினால்தான் தெரியும். முதல் நாளிலிருந்தே அங்கே இருந்திருக்கிறது, உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வாங்கிய பிறகு எல் அழுத்தினால் நிற்கும் இடம் எழுத்துகளில் வரும், அட்சரேகைக்கு இரண்டு, தீர்க்கரேகைக்கு இரண்டு, ஒவ்வொன்றும் A முதல் P வரை, ஆகப் பதினாறு எழுத்து. 16-ஐ 16-ஆல் பெருக்கினால் 256, வரைபடத்தின் அகலம் சரியாகக் கிடைக்கிறது. இதை நானாகக் கண்டுபிடித்தபோது வந்த சந்தோஷம் பாதாளத்தின் அடியை எட்டியபோதுகூட வரவில்லை.

ஆட்களிடம் பேசும்போது நேம், ஜாப், ஹெல்த் மூன்றுக்கும் எல்லாரும் பதில் சொல்வார்கள். பதிலில் வரும் சொல்லைப் பிடித்துத் திரும்பக் கேட்க வேண்டும். முதல் நாலு எழுத்து போதும், மீதியை கேம் பார்ப்பதே இல்லை. பிடித்த சொல், சொன்ன ஆள், ஊர், இந்த மூன்றையும் எழுதி வையுங்கள். பக்கத்தில் நோட்டு இல்லாமல் விளையாடுவதும் விளையாடாமல் இருப்பதும் ஒன்று.

பிப்ரவரி 13, இரவு 8:45

நாற்பது வருஷப் பழைய கேமுக்குக் கதை கெடாத உதாரணமா என்று சிரிக்கிறார்கள். சிரியுங்கள். கடைசிக் கேள்வியின் பதிலை மட்டும் யாராவது இங்கே எழுதினால் ஹாக்விண்டிடம் சொல்லிவிடுவேன்.

பிப்ரவரி 15, பிற்பகல் 2:10

மந்திரம் எப்படிப் போடுவது, எம் அழுத்தினால் எதைக் கலக்க என்று கேட்கிறது, எங்கே எழுதியிருக்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கேமுக்குள் பெரும்பாலும் எழுதியிருக்கவில்லை. பெட்டியோடு வந்த மந்திரப் புத்தகத்தில் இருக்கிறது. பெட்டியில் துணியில் அச்சடித்த வரைபடம், ஆங்க் என்ற, மேலே வளையம் வைத்த சிலுவைச் சின்னம் ஒன்று உலோகத்தில், நாட்டு வரலாறு ஒன்று, மந்திர நூல் ஒன்று இருந்தன. வரைபடத்தில் ஊர்ப் பெயர்கள்கூட ரூன் என்ற பழங்கால எழுத்தில்தான்.

நாங்கள் முதலில் விளையாடியது கை மாறிக் கை மாறி வந்த பிளாப்பியில், புத்தகமும் இல்லை, வரைபடமும் இல்லை. எட்டு மூலிகைகளை இஷ்டத்துக்குக் கலந்து பார்ப்போம், பாதி வீணாகும், எது எதோடு சேர்ந்தால் எது என்று நோட்டில் குறிப்போம். திருட்டு நகலில் உட்கார்ந்து நேர்மைக் கோயிலில் தியானம் செய்தது பற்றி ஹாக்விண்ட் எதுவும் சொன்னதாக நினைவில்லை.

மந்திரங்கள் 26, அதுவும் எழுத்துக்கு ஒன்று. மூலிகைகளில் ஆறு கடையில் கிடைக்கும்: கந்தகச் சாம்பல், ஜின்செங், பூண்டு, சிலந்தி நூல், பிளட் மாஸ் என்ற பாசி, கறுப்பு முத்து. நைட்ஷேடும் மாண்ட்ரேக் வேரும் விற்பனைக்கு இல்லை. குறிப்பிட்ட கட்டத்தில், வானத்தில் இரண்டு நிலவுகளும் இருண்டிருக்கும் சமயத்தில் நின்று எஸ் அழுத்தித் தேடினால்தான் கிடைக்கும். நேரம் தப்பினால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும்.

அந்த நிலவுகள் வெறும் அலங்காரம் இல்லை. டிராமெல், ஃபெலூக்கா என்று இரண்டு. டிராமெலின் பிறையைப் பொறுத்து எட்டு நிலவு வாசல்களில் ஒன்று திறக்கும். ஃபெலூக்காவின் பிறையைப் பொறுத்து அது எங்கே கொண்டுபோய் விடும் என்பது மாறும். ஃபெலூக்கா மூன்று மடங்கு வேகம், ஆக ஒரு வாசல் திறந்திருக்கும் நேரத்துக்குள் மூன்று ஊருக்குப் போக வழி. இதை யாரும் விளக்கவில்லை, மேலே இரண்டு பிறைகளும் சத்தம் போடாமல் மாறிக்கொண்டே இருக்கும், ஒரு நாள் உங்களுக்கே உறைக்கும். கப்பல் கிடைக்கும் வரை நாட்டைச் சுற்ற இதுதான் பேருந்து.

பிப்ரவரி 15, பிற்பகல் 2:30

இப்போது அந்தப் பிரச்சினை இல்லை. ஜிஓஜி தளத்தில் 2011 முதல் இலவசம், புத்தகங்களும் வரைபடமும் கோப்பாகக் கூடவே வரும். பழைய பிசிக்கான டாஸ் பதிப்பில் இசை கிடையாது, ஆப்பிள் கணினியில் தனி ஒலி அட்டை போட்டவர்களுக்குக் கென் ஆர்னால்டின் இசை கேட்டது. ரசிகர்கள் செய்த பேட்ச் ஒன்றைப் போட்டால் டாஸிலும் அந்த இசையும் கூடுதல் வண்ணமும் வரும். வண்ணம் இல்லாமல்கூட இருந்துவிடலாம், இசையைப் போட்டுக்கொள்ளுங்கள். நின்டெண்டோ பதிப்பு வேண்டாம், அதில் தட்டிப் பேசும் வசதியை எடுத்துவிட்டார்கள். பேச்சை எடுத்தால் இதில் என்ன மிஞ்சும்?

பிப்ரவரி 18, இரவு 11:30

இதுவரை புகழ்ந்தாயிற்று. சண்டை அலுப்பு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆரம்பத்தில் நீங்கள் ஒருவர், எதிரில் ஓரிரு ஓர்க்குகள், அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். போகப் போக ஐயோலோ, ஷமினோ, டூப்ரே, மரியா என்று ஒவ்வொருவராகச் சேர்ந்து எட்டுப் பேர் ஆகிவிடுகிறீர்கள். கடைசி அறைக்குள் விட எட்டுப் பேரும் வேண்டும் என்பதால் யாரையும் கழற்றிவிடவும் முடியாது. எட்டுப் பேருக்கும் தனித்தனியாக ஒவ்வொரு முறையும் திசை சொல்ல வேண்டும், நாலு திசைதான், மூலைவாட்டில் அடிக்க முடியாது. நிலவறை அறைகளில் எதிரிகள் வரிசையாக நிற்பார்கள். அபிஸின் எட்டுத் தளங்களில் இதே வேலை. போன தடவை பின்னணியில் ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் அடித்தேன், அபிஸ் முழுக்க என்ன நடந்தது என்று கேட்டால் பாட்டுகளின் பெயர்தான் சொல்வேன்.

ஆனாலும் சண்டைக்குள்ளும் கணக்கு உண்டு. பாம்பு, எலி போலக் கெட்ட எண்ணமில்லாத ஜீவன்கள் ஓடினால் விட்டுவிட வேண்டும், துரத்திக் கொன்றால் கருணை குறையும். கெட்ட ஜந்துவிடமிருந்து நீங்கள் ஓடினால் வீரம் குறையும். இதனால் ஒரு வேடிக்கை. கெட்ட ஜந்துவின் முன் யாரும் ஓடக்கூடாது, ஆனால் எலியை எதிர்த்து நின்றால் அதைக் கொல்லவும் கூடாது, ஆக சமர்த்தான பாலடின் ஒருவர் முழுக் கவசத்தோடு எலிக்கு முதுகு காட்டி ஓடுவதைத்தான் கேம் பாராட்டுகிறது.

பிப்ரவரி 19, காலை 6:55

12-ஆம் தேதி எழுதியதை அப்படியே விட மனம் வரவில்லை. எண்ணைக் காட்டாததால் நடத்தை வருகிறது என்றேன். பாதி வழிக்குத்தான் அது உண்மை.

பிச்சைக்காரனுக்குக் காசு போட்டால் கருணை ஏறும். எவ்வளவு போட்டாலும் ஏறுவது ஒரே அளவு, ஒரு காசு போதும். மருத்துவரிடம் 100 புள்ளி இரத்தம் கொடுத்தால் தியாகம் ஏறும், அதையும் உடம்பில் தெம்பு இருப்பவரிடம்தான் கேட்கிறார்கள். எட்டாம் நிலைக்கு வந்தவரின் உயிர்ப்புள்ளி 800, அவருக்கு 100 என்பது தூங்கி எழுந்தால் வந்துவிடும். இதெல்லாம் புரிந்துவிட்ட ஆள் தியாகத்தையும் கருணையையும் ஊர் ஊராகப் போய் வசூல் செய்ய ஆரம்பிக்கிறார். நானே அப்படித்தான் செய்தேன், கை பிச்சைக்காரனைத் தேடியது, அவன் முகத்தை அல்ல. முகமும் ஒரு சின்னச் சதுரம்தான், அது வேறு.

ஆக இந்த கேமின் அறம் வறுமையில்தான் வேலை செய்கிறது. கையில் ஐம்பது பொன், சாப்பாடு தீரப் போகிறது, குணமாக்கும் மந்திரத்துக்கு ஜின்செங் வேண்டும், கடைக்காரிக்குக் கண் தெரியாது: அந்த நேரத்தில் முழுக் காசையும் எண்ணி வைப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. கப்பலும் சில ஆயிரம் பொன்னும் வந்த பிறகு அதே கடையில் அதே நேர்மைக்கு ஒரு செலவும் இல்லை, ஆனால் கேம் இரண்டையும் ஒரே மதிப்பில் எழுதிக்கொள்கிறது. பணக்காரனின் நேர்மைக்கும் இல்லாதவனின் நேர்மைக்கும் வித்தியாசம் தெரியாத கணக்குப்பிள்ளை அது.

இது குறையா என்றால், 1985-ன் எட்டு பிட் கணினியில் இதற்கு மேல் எதிர்பார்ப்பது அநியாயம். ஆனால் இன்றைக்கு விளையாடப் போகிறவருக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: முதல் மூன்றில் ஒரு பங்கை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். பலர் ஆரம்ப வறுமையைச் சீக்கிரம் கடந்து 'உண்மையான' கேமுக்குப் போகப் பார்க்கிறார்கள். உண்மையான கேம் அந்த வறுமைதான்.

பிப்ரவரி 22, மாலை 7:00

அப்படியென்றால் பின்பாதியில் சோதனையே இல்லையா என்று கேட்டவருக்கு: ஒன்று இருக்கிறது, மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள், தனியாக எழுதத்தான் வைத்திருந்தேன்.

மொண்டெய்னின் மண்டை ஓடு. முதல் பாக வில்லனின் மண்டை ஓடு கடலில் ஒரு இடத்தில் கிடைக்கிறது. அதை எடுத்து யூ அழுத்திப் பயன்படுத்தினால் கண்ணுக்குத் தெரியும் அத்தனை ஜந்துகளும் அந்த இடத்திலேயே சாகும். 18-ஆம் தேதி அலுத்துக்கொண்டேனே, எட்டுப் பேரை வைத்து மாரடிக்கும் சண்டை, அத்தனையும் ஒரே விசையில் தீரும். விலை, எட்டுக் குணங்களும் ஒருசேர இறங்கும். அபிஸின் வாசலில் அதைப் பயன்படுத்தினால் மட்டும் ஓடு அழிந்துவிடும், எட்டுக் குணங்களும் ஏறும்.

காசு நிறைய வைத்திருப்பவனைக் காசால் சோதிக்க முடியாது, அலுப்பால் சோதிக்கலாம். சண்டை இத்தனை அலுப்பாக இருப்பதற்கு இது காரணம் என்று கேரியட்டுக்காக வாதாட மாட்டேன், அது தற்செயல்தான். ஆனாலும் அந்த மண்டை ஓட்டைச் சுமந்துகொண்டு வாசல் வரை போகும் வழியில், நாலு பக்கமும் கப்பல்கள் சூழ்ந்து குண்டு போடும்போது, யூ விசை கையைக் கூப்பிடும் பாருங்கள்.

பிப்ரவரி 25, இரவு 9:50

ஐந்தாவது பாகம் பற்றிப் பேச்சு போய்விட்டதால் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுத் திரும்புகிறேன். 1988-ல் வந்த அதில் லார்ட் பிரிட்டிஷ் காணாமல் போய்விடுகிறார், பிளாக்தார்ன் ஆள்கிறார். அவர் இதே எட்டுக் குணங்களையும் எடுத்துச் சட்டமாக்கிவிட்டார். பொய் சொன்னால் நாக்குப் போகும். வருமானத்தில் பாதியைத் தானம் செய்யாவிட்டால் வருமானமே இருக்காது. நாலாவது பாகத்தில் மாங்கு மாங்கென்று நீங்கள் சேர்த்த குணங்கள் எல்லாம் ஐந்தாவதில் மக்கள் மேல் லத்தியாக விழுகின்றன. நாலாவதை முடிக்காமல் நேராக ஐந்தாவதுக்குப் போனால் இந்த அடி விழாது. தான் எழுதிய கேமுக்குத் தானே எழுதிய மறுப்பு அது, நான் 19-ஆம் தேதி முனகியதை கேரியட் மூன்றே வருஷத்தில் யோசித்துவிட்டார்.

ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் ஐந்தாவதுதான் சிறந்தது என்பார்கள். ஊர்க்காரர்கள் காலையில் எழுந்து கடை திறந்து இரவில் படுக்கப் போகிறார்கள், சண்டையும் தேவலாம். நான் மறுக்கவில்லை. நாலாவதில் இருக்கும் அந்த விசித்திரம் மட்டும் அதில் இல்லை.

மார்ச் 2, மாலை 4:15

கேள்வி கேட்டவர் இப்போது நாலு கோயில் முடித்திருக்கிறார், மூலிகைக்காரிக்கு விட்டதையெல்லாம் அதிகமாகக் கொடுத்து ஈடுகட்டுவதாகச் சொல்கிறார். அதிகம் கொடுக்கத் தேவையில்லை, சரியாகக் கொடுத்தால் போதும். கர்வமாக இருக்கிறாயா என்று யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள், பணிவு அங்கேதான் ஏறும்.

பலூனைத் தேடுகிறவர்களுக்கு: ஹித்லோத் நிலவறையின் இன்னொரு வாசல் வழியாக வெளியே வாருங்கள், பக்கத்தில் நிற்கும். திருப்ப முடியாது, காற்று போகும் திசையில்தான் போகும், காற்றை மாற்றும் மந்திரத்தை நிறையக் கலந்து வைத்துக்கொண்டு ஏறுங்கள்.

கடைசி அறையில் தவறாகப் பதில் சொன்னால் வெளியே தூக்கி எறிந்துவிடும், எட்டுத் தளமும் திரும்ப இறங்க வேண்டும். அதனால் அபிஸுக்குள் போகும் முன் சேமிப்புக் கோப்புகளை வேறு இடத்தில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். பார்ட்டி.சாவ் என்ற கோப்பை முடித்த பிறகும் அழிக்க வேண்டாம், ஐந்தாவது பாகம் அந்த ஆளை அப்படியே எடுத்துக்கொள்ளும்.